பகலில் படுக்க ஒரு சான்றிதழ்

பூருலுக்குப் பகலில் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். பெரிய ஆசை எதுவும் இல்லை, அவ்வளவுதான். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி முடித்த பிறகு ஜன்னலோரம் மெத்தையை விரித்து, ஒருக்களித்து, இடது காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரை ஓடுகிற அந்த இழுப்பு சற்றுத் தளரும். சாயங்காலம் பால் கறக்க உட்கார ஒரு தெம்பு வரும்.

ஆனால் அது மாமியார் உர்குயாவின் வீடு. அங்கே மருமகள் பகலில் படுக்க முடியாது. ஒரு தடவை படுத்துப் பார்த்தாள். கிழவி வாசலில் வந்து நின்றாள்.

"நீ இப்ப பிள்ளை பெத்திருக்கியா?"

"இல்லை அத்தை."

"செத்துப்போயிட்டியா?"

"இல்லை அத்தை."

"அப்ப எந்திரி. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க."

பூருல் எழுந்துவிட்டாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று என்பதைக் கிழவி பார்க்கவில்லை. திட்டி முடித்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஊரில் யாரும் அவளை நம்பாததற்குக் காரணம் இருந்தது. குதிரையிலிருந்து விழுந்திருந்தால் நம்பியிருப்பார்கள். பனியில் வழுக்கி எலும்பை முறித்திருந்தால் வெண்ணெயும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்திருப்பார்கள். அவளுக்கு அப்படிச் சொல்ல ஒரு கதை கிடையாது. மழலையர் பள்ளிச் சமையலறையில் பல வருஷம் சூப்புப் பானையைத் தூக்கி இறக்கினாள். ஒரு நாள் காலையில் தூக்கினாள், பானை எழும்பவில்லை. அதற்கு அப்புறம் வேலையும் இல்லை. ரத்தம் வரவில்லை, யாரும் அலறவில்லை. வலி என்றால் எல்லாரும் ஏதோ கத்துகிற சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவளுடையது கத்தாது. குளிர்காலத்துக் கணப்புப் போல உள்ளே சும்மா எரிந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் அழுதாள். அப்புறம் அழுகை நின்றுவிட்டது, கோபமும் நின்றுவிட்டது. வலி மட்டும் நிற்கவில்லை.

புருஷன் எசென் நல்லவன்தான். கோடையெல்லாம் மேட்டுப் புல்வெளியில் ஆடு மேய்ப்பான். குளிர் வந்தால் வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் எதையும் பேசாமலிருப்பதே தன் கடமை என்று நினைத்து, அதை ஒழுங்காகச் செய்து வந்தான்.

குரூப்புக்கு எழுதிப் போடச் சொன்னவள் ஊர் நர்ஸ் ஜிபார். குரூப் என்றால் உடம்பு முடியாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற தரம். படுக்கையோடு கிடந்தால் ஒன்று, பாதி முடிந்தால் இரண்டு, ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தால் மூன்று. மாதம் கொஞ்சம் பணமும் வரும்.

"அக்கா, உனக்கு ஊசி போட்டுப் போட்டு எனக்குக் கை வலிக்குது," என்றாள் ஜிபார். "தரம் குடுக்கிற டாக்டர் கமிஷனுக்குப் போ. பேப்பர் வாங்கு."

"பேப்பர் வாங்கினா வலி போயிருமா?"

"போகாது. ஆனா பேப்பர்ல முத்திரை இருக்கும். உன் மாமியா முத்திரைக்குப் பயப்படும்."

பூருல் கேட்டாள்: "முத்திரை இருந்தா பகல்ல படுக்கலாமா?"

"ராத்திரியும் பகலும் படுக்கலாம். எந்திரிக்கவே வேண்டாம்."

அதற்காகத்தான் போனாள். வேறு எதற்காகவும் இல்லை.

முதுகை எக்ஸ்ரே எடுக்க ஓர் ஊர், நரம்பு டாக்டரைப் பார்க்க இன்னோர் ஊர். வேனில் மற்றவர்கள் இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள், உட்கார்ந்தால் வலி அதிகம். "பாரு, இந்த அக்காவுக்கு எவ்வளவு தெம்பு," என்று ஓட்டுநர் ஒரு முறை இளைஞர்களுக்கு அவளை உதாரணம் காட்டினார்.

இலையுதிர் காலக் கடைசியில் கமிஷன் கூப்பிட்டது. நடக்க முடியாதவர்களைப் பரிசோதிக்கிற அறையை மாடியில் வைத்திருந்தார்கள். லிப்ட் கிடையாது. ஏறி வந்துவிட்டால் உனக்கு எதற்குக் குரூப், ஏற முடியாவிட்டால் உன்னை யார் பார்ப்பது? பாதி வேலையைப் படிக்கட்டே முடித்துக் கொடுத்தது. பூருல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள்.

நடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராம், அவளை மேலும் கீழும் பார்த்தார். பூருல் வெளுத்த தலைத்துணி கட்டி, நல்ல நாளுக்கென்று வைத்திருந்த வெல்வெட் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நாலு பெரியவர்கள் இருக்கிற இடத்துக்குக் கந்தலோடு போவது புகுந்த வீட்டுக்கு அவமானம் என்று மாமியார் சொல்லியிருந்தாள்.

"தங்கச்சி, கல்யாணத்துக்கா வந்திருக்கே?" என்றார் லாரிக்காரர். "மூணு நாளா தலை வாராம வந்திருக்கேன் நான். என்னைப் பார்த்துக் கத்துக்க."

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தொப்பி வைத்த வயதானவர், தலைவர். அவருக்கு வலப்பக்கம் இளம் டாக்டரம்மா, கையில் பேனா. மூன்றாமவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவளை நிற்கச் சொன்னாள், குதிகாலில் நடக்கச் சொன்னாள், பிறகு குனியச் சொன்னாள். பூருல் குனிந்தாள். கை தொடை வரை போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம்?"

"இவ்வளவுதான் வருது."

டாக்டரம்மா எழுதினாள். முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒழுங்காக எழுதினாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தலைவர் காகிதத்திலிருந்து நிமிர்ந்தார்.

"சரிபுலாக் ஊரா நீ? அங்க யார் வீட்டு மருமக?"

"எசென் வீட்டுல."

"எந்த எசென்? ஆடு மேய்க்கிற எசெனா? அடடே. அவங்க அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே பாட்டன் வழி. நான் பெக்போலோத். அப்ப நீ நம்ம வீட்டு மருமக."

பெக்போலோத் மாமா. கல்யாணத்துக்கு வர முடியாமல் போன பெரிய பங்காளி என்று வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறாள். புகுந்த வீட்டுப் பெரியவரை முதல் தடவை பார்க்கிற மருமகள் என்ன செய்வாளோ அதைப் பூருல் செய்தாள். வலது காலைச் சற்று முன்னால் வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் பதித்து, இடுப்பிலிருந்து முழுசாகக் குனிந்தாள். நல்ல குனிவு. தலைத்துணியின் முனை தரையைத் தொட்டது.

"ஆயுசு நீளமா இருக்கட்டும் தாயி," என்றார் தலைவர் மனம் நிறைந்து. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளா."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. பூருலைப் பார்த்தாள், எழுதியதைப் பார்த்தாள், ஒரு கோடு போட்டு அடித்தாள். யாரோ பையில் கைவிட்டதைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

நிமிரும்போது முதுகில் என்ன நடந்தது என்பது பூருலுக்கு மட்டும் தெரியும். பெரியவருக்கு முன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்பதால் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேலே போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் புகழ் வந்து சேர்ந்துவிட்டது. பெக்போலோத் எசெனுக்குப் போன் பண்ணியிருந்தார். உர்குயா பக்கத்து வீட்டு சோனுனைக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல, மேசைக்கு முன்னாடி, அத்தனை பேர் பாக்க வணங்கியிருக்கா. 'சித்தி, உங்க வளர்ப்பு'ன்னு சொன்னாராம். எசென் சொன்னான்."

"பேப்பர் குடுத்தாங்களா?" என்று சோனுன் கேட்டாள். அவளுக்கு எப்போதும் அந்த மாதிரிக் கேள்விதான் வரும்.

பேப்பர் பிற்பாடு தபாலில் வந்தது. முதுகெலும்பின் அசைவு போதுமான அளவில் இருப்பதால் தரம் எதுவும் வழங்க இயலாது. எசென் அதைப் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தான். பூருலுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் காட்டுகிற நேரம் ஆகிவிட்டது என்பது மட்டும் தோன்றியது.

ஊசி போட வந்த ஜிபாருக்குத்தான் தாங்கவில்லை. கிழவி அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி ஜிபார் கவலைப்படவில்லை.

"ஏன்க்கா குனிஞ்சே?"

"பெரியவராச்சே."

"உன்னால குனிய முடியாதுன்னு சொல்லத்தானே அங்க போனே. போயி, அவர் காலடி வரைக்கும் குனிஞ்சிட்டு வந்திருக்கே."

"நானா குனியணும்னு குனியல ஜிபார். அவர் யாருன்னு சொன்னாரு, நான் கீழே இருந்தேன்."

ஜிபார் கிழவி பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா பாட்டிம்மா? நீங்க நல்லா வளர்த்துட்டீங்க. அதான் கிடைக்கல."

உர்குயா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மற்ற வீடுகளில் மருமகள்கள் பண்டிகைக்குத்தான் வணங்குவார்கள். இந்த வீட்டில் தினமும் காலையில் உண்டு. மறுநாள் காலையிலும் பூருல் வழக்கம்போல் குனிந்தாள், கிழவி வழக்கம்போல் ஆயுசு நீளமாக இருக்கட்டும் என்றாள். என்ன, கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னாள்.

வசந்தத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஜிபார் விசாரித்து வந்தாள். அதற்குள் பூருலின் இடது பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. பத்தடி நடந்த பிறகு திரும்பிப் பார்த்தால் அது பின்னால் கிடக்கும்.

"இது நல்லது," என்றாள் ஜிபார். பிறகு தான் சொன்னதைக் கேட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாதம் பாட்டுக்கு மரத்துக்கொள்ளட்டும், குனிவைத்தான் நிறுத்த வேண்டும் என்பது ஜிபாரின் கட்சி. பூருலைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். யாரோ நோயாளி மறந்துவிட்டுப் போன கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள். மூக்குக்குக் கீழே பஞ்சை ஒட்டி மீசையாக்கினாள்.

"அடடே, நீ யார் வீட்டு மருமக?" என்றாள் கட்டைக் குரலில்.

பூருலின் கால் முன்னால் நகர்ந்தது.

"அக்கா! இது நான். பஞ்சு மீசைக்கெல்லாம் குனிவியா?"

மறுபடி செய்தார்கள். மறுபடியும் கால் நகர்ந்தது. மூன்றாவது தடவை பூருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, மேசையைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது: கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொள்வது. முழங்காலுக்குக் கை வராவிட்டால் உடம்பு குனியவில்லை. பெரியவர்கள் முன்னால் ஒரு மருமகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை அந்த மலைப்பக்கம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பூருலுக்கு அது துணியில்லாமல் நிற்பது போல இருந்தது.

"ஒரு கால் மணி நேரம்தான்," என்றாள் ஜிபார். "பல்லைக் கடிச்சுக்க."

பனி உருகி வழியெல்லாம் சேறாக இருந்த நாளில் கமிஷன் மறுபடி கூப்பிட்டது. அதே படிக்கட்டு, அதே பெஞ்சு. வெல்வெட் சட்டையை இந்தத் தடவை போடவில்லை. நடையில் நின்றுகொண்டிருந்தபோது பெக்போலோத் சாப்பிட்டுவிட்டு மாடி ஏறி வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் முடிந்த மட்டும் எழுந்தார்கள். அவர் பூருலை அடையாளம் கண்டு, முகம் மலர்ந்து, எதிரில் நின்றார். வாயில் ஆசீர்வாதம் தயாராக இருந்தது.

பூருல் சுவரில் சாய்ந்தாள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் கைகளை வைத்து நசுக்கிக்கொண்டாள்.

அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு உள்ளே போனார்.

அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவர் முகத்தில் மலர்ச்சி எதுவும் மிச்சமில்லை. டாக்டரம்மா ஊசி முனையால் பாதத்தைக் குத்தினாள். தெரிகிறதா என்றாள், தெரியவில்லை என்றாள் பூருல். குனியச் சொன்னாள். கை தொடையில் நின்றது.

"போன தடவை இதைவிட நல்லா குனிஞ்சீங்களே," என்றாள் டாக்டரம்மா.

"போன தடவை இவளுக்கு மரியாதை தெரிஞ்சிருந்துது," என்றார் பெக்போலோத். "இப்ப கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறா, போலீஸ்காரன் மாதிரி. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

பூருல் ஜிபாரின் பெயரைச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"குனிஞ்சா நிமிர முடியல மாமா. அன்னிக்குக் குனிஞ்சிட்டு உங்க படிக்கட்டுல பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன். வேன் போயிருச்சு. வீட்டுக்குப் போயி நாலு நாள் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பால் கறந்தேன்."

"அப்ப ஏன் குனிஞ்சே?"

"நீங்க மாமாவாச்சே."

போன் பார்த்துக்கொண்டிருந்தவர் போனைக் கவிழ்த்து வைத்தார். டாக்டரம்மா எழுத ஆரம்பித்தாள், இந்தத் தடவை எதையும் அடிக்கவில்லை. எழுதிய தாளைத் தலைவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, குத்தினார். ஆசீர்வாதம் சொல்லவில்லை. "அடுத்த ஆளைக் கூப்பிடு," என்றார் கதவைப் பார்த்து.

மூன்றாம் தரம், ஒரு வருஷத்துக்கு. அடுத்த வசந்தத்தில் மறுபடி வந்து, இன்னும் வலிக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். வலி அதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அரசாங்கத்துக்கு ஒரு கவலை.

இந்தத் தடவையும் போன் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. எசென் வெளி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணன் பேசினாரு. நீ கைகட்டி நின்னியாம்."

"ஆமா."

"குடும்பத்துக்கே தலைகுனிவாப் போச்சுன்னாரு."

"ம்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

எசென் தலையாட்டினான். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய பேச்சு.

உர்குயா வீட்டுச் சுவரோரம் பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கம்பளி நூல் உருண்டை. பூருல் முற்றத்தைக் கடந்து வரும் வரை கிழவி கண்ணெடுக்காமல் பார்த்தாள். இடது கால் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்த கோட்டையும் பார்த்திருக்க வேண்டும். பூருல் திட்டுக்குத் தயாராகத்தான் வந்தாள். புகுந்த வீட்டுப் பங்காளிகள் முன்னால் மாமியாரின் பெயரைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள், வேறு என்ன கிடைக்கும்? பெஞ்சுக்கு எதிரில் வந்ததும் வெளியூர் போய் வந்த மருமகள் செய்வதை உடம்பு செய்யத் தொடங்கிற்று. கால் முன்னால் போயிற்று, கை முழங்காலை நோக்கி இறங்கிற்று.

"நில்லு," என்றாள் கிழவி. "குனியாதே."

பூருல் பாதியில் நின்றாள்.

"சோனுன் சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. திரும்பிப் பாக்காதே. அவ தம்பி பெண்டாட்டி கமிஷன் ஆபீஸ்ல வேலை செய்யறா. நீ குனியறதை இவ பாத்தா நாளைக்கே அங்க சொல்லிருவா. பேப்பரைத் திருப்பி வாங்கிட்டுப் போயிருவானுங்க."

"சரி அத்தை."

"காலையிலயும் வேண்டாம். ஜன்னல்ல இருந்து எல்லாம் தெரியும் அவளுக்கு."

கிழவி பரிதாபப்பட்டுச் சொன்னாளா, முத்திரைக்குப் பயந்து சொன்னாளா என்று பூருலுக்குத் தெரியவில்லை. கேட்டால் கிழவிக்கே தெரிந்திருக்காது. பூருல் மெதுவாக நிமிர்ந்தாள். கிழவி அவள் நிமிர்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள், இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

"ஆயுசு நீளமா இருக்கட்டும்," என்றாள் பிறகு, குனியாத மருமகளைப் பார்த்து. "போ, போய்ப் படு. ஜன்னல்கிட்ட வெயில் இருக்கு."

பூருல் உள்ளே போனாள். மெத்தையை விரிக்க வேண்டியிருக்கவில்லை, யாரோ ஏற்கெனவே விரித்து வைத்திருந்தார்கள். ஒருக்களித்து, காலை மடக்கிக்கொண்டாள். வெளியே சோனுன் ஏதோ கேட்பதும், மாமியார் உரக்கப் பதில் சொல்வதும் காதில் விழுந்தன: "படுத்திருக்கா. அரசாங்கமே படுக்கச் சொல்லியிருக்கு, உனக்கென்ன?"

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வெயில் முதுகில் பட்டது, இடுப்பில் இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது, போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தினமும் குனிந்து குனிந்து வாங்கிச் சேர்த்த ஆயுசை நினைத்துப் பார்த்தாள். கிழவி இன்று சும்மாவே கொடுத்ததையும் அதோடு சேர்த்தாள். ரொம்ப நீளமாகத்தான் இருக்கும். அத்தனையையும் இந்த இடுப்போடுதான் வாழ்ந்து தீர்க்க வேண்டும். பூருல் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் மாடு கறக்க இன்னும் நேரம் இருந்தது.